வெள்ளிமட்டத்தில் கம்பை இறக்கியவள்

சின்னம்மை பார்த்த வேலை பார்வைக்கு எளிது. டிக்கெட் வாங்கிய வண்டி வந்தால் கயிற்றை விட வேண்டும். மறுமுனையில் கட்டிய கல்லின் பாரத்தில் இரும்புக் கம்பு தானாக மேலே போகும். வண்டி உள்ளே நுழைந்ததும் கயிற்றை இழுத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் சாலையில், வெள்ளிமட்டம் வளைவுக்குக் கீழே, ஒரு தகரக் கூண்டின் ஓரத்தில் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை அதைச் செய்தாள். 2001 மார்ச்சில் சேர்ந்தவள் மே மாதத்துக்குள் இரண்டு உள்ளங்கையும் காய்த்துப் போனாள்.

அதற்கு முன் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கொழுந்து பறிப்பதுதான். இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தவள். பதினாலு வயதில் கப்பலேறி, மண்டபம் முகாமில் மூன்று வாரம் கிடந்து, அம்மா மருதாயியோடும் தம்பியோடும் நீலகிரிக்கு வந்தாள். வந்த மறுவாரமே கூடை தூக்கினாள். கல்யாணமும் தோட்டத்துக்குள்ளேயே, புருஷன் தங்கவேலுக்குத் தேயிலைப் பாக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் வேலை. இருபத்தாறு வருஷம் இப்படியே ஓடியது. பிறகு தேயிலை விழுந்தது. பச்சைக்கொழுந்து கிலோ நாலு ரூபாய்க்கு வந்தபோது, பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று சிறு தோட்டக்காரர்கள் செடியை அப்படியே விட்டார்கள். அவளுடைய எஸ்டேட் வாரம் நாலு நாள் வேலை என்றது, அப்புறம் இரண்டு நாள் என்றது, ஒரு திங்கட்கிழமை போனபோது கேட்டில் பூட்டுத் தொங்கியது. தங்கவேலுவின் பாக்டரி மட்டும் விட்டு விட்டு ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் வெளியூர் கம்பெனி ஒன்று அந்தச் சாலையில் விரைவுத் தடம் போட்டது. சீசன் வந்தால் அந்த ரோட்டில் வண்டி நகராது. குன்னூர் விட்டு ஊட்டி சேர நாலு மணி நேரம்கூட ஆகும். வெள்ளிமட்டத்தில் மலையை ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் செங்குத்தாக வெட்டி, பழைய ரோட்டை ஒட்டி மூன்றாவது தடம் ஒன்றை இழுத்தார்கள். அதற்கும் பழைய ரோட்டுக்கும் நடுவே இடுப்புயரக் கான்கிரீட் கட்டைகளை நெருக்கமாக அடுக்கினார்கள். காசு கொடுத்தவர் உள்ளே, கொடுக்காதவர் வெளியே. நுழைந்தவர் மேல்முனை வரை போய்த்தான் வெளியே வர முடியும். நடுவில் வழி கிடையாது.

அங்கே சூப்பர்வைசராக வந்தவர் மனுவேல். அவரும் பூட்டிய எஸ்டேட்டில் பீல்டு ஆபீசராக இருந்தவர்தான். கம்பெனிக்காரர்கள் ஆள் கேட்டபோது, அவர் வெளியே தேடவில்லை. வீடு வீடாகப் போய், அடுப்பு எரியாத பதினாலு பேரைக் கூட்டிவந்து நிறுத்தினார். அதில் ஒருத்தி சின்னம்மை. அதனால் அவர் சொன்ன சொல்லை அவள் தட்டியதில்லை. ஒரே ஒரு தடவை மட்டும் தானாகப் போய்ப் பேசினாள்.

அது ஏப்ரலில். வெட்டிய சரிவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம் இருந்தது. விலை விழுந்ததிலிருந்து உடையவர் அந்தப் பக்கமே வருவதில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் விறகு பொறுக்க மேலே போன சின்னம்மை, செடிகளுக்கு நடுவே குறுக்கே ஓடும் கான்களெல்லாம் மண் மூடிக் கிடப்பதைப் பார்த்தாள். மழைத் தண்ணீரை ஓரமாக வடித்துவிடும் கால்வாய்கள் அவை. எஸ்டேட் ஓடுகிற காலத்தில் வருஷம் தவறாமல் அவற்றைத் தோண்டுவார்கள்.

"கானெல்லாம் தூந்து கெடக்குங்க சார். மழை வந்தா தண்ணி ஓடாது. அப்படியே மலைக்குள்ள எறங்கும். கீழ வேற வெட்டி வச்சிருக்காங்க" என்றாள்.

மனுவேலுக்கு அது விளங்கியது. இருபது வருஷம் கான் வெட்ட ஆள் விட்டவர் அவர். கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். வெட்டின் அடியில் எழுப்பிய தடுப்புச் சுவர் போதிய பலத்தோடு கட்டப்பட்டிருக்கிறது, வசூலில் கவனம் செலுத்தவும் என்று இரண்டு வரிப் பதில் வந்தது. அதை அவர் சின்னம்மையிடம் காட்டினார்.

மே மூன்றாவது வாரம் மலர்க்கண்காட்சி. புதன்கிழமை பிடித்த மழை வெள்ளி இரவு வரை விடவில்லை. சனிக்கிழமை காலையில் தூறலாக இளைத்தது. மழையைப் பார்த்து யாரும் வீட்டில் இருந்துவிடவில்லை. கீழ் ஊர்களிலிருந்து கார் காராக வந்து கொட்டியது. பதினோரு மணிக்குள் பழைய ரோடு அசையாமல் நின்றது. ஒரு மணிக்கு விரைவுத் தடமும் நின்றது. மேல்முனையில் மூன்றாவது தடம் பழைய ரோட்டோடு சேரும் இடத்தில் இரண்டு வரிசையும் முட்டிக்கொண்டதால், ஐம்பது ரூபாய் கொடுத்து உள்ளே போனவர்களும் சும்மா போனவர்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல உயரமான வெட்டுக்கு நேர் கீழே விரைவுத் தடத்தில் பதினோரு வண்டிகள் நின்றன.

கூண்டுக்குக் கொஞ்சம் மேலே, வெட்டின் கீழ்க்கரையில், மலை வெட்டியபோது ஓர் ஊற்று திறந்திருந்தது. வேலைக்காரர்கள் அதில் ஒரு தகரத்தை வளைத்துச் செருகியிருந்தார்கள். மற்றவர்கள் குழாய் என்றார்கள். சின்னம்மை வாயில் அது இன்னும் பதுளையில் சொன்ன பீலிதான். குடிக்க, முகம் கழுவ எல்லாம் அந்தத் தண்ணீர்தான். மழையில் அது நாளுக்கு நாள் பெருத்து, வெள்ளிக்கிழமை கை மொத்தத்துக்குக் கொட்டியது.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி சுமாருக்குப் பாத்திரம் கழுவப் போனாள். தகரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

அவள் முதலில் விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். இலை ஏதும் அடைக்கவில்லை. காதை மண்ணில் வைத்தாள். ஒரு சத்தமும் இல்லை. மூன்று நாள் மழைக்குப் பிறகு, மலையே ஊறி நிற்கும்போது, ஊற்று நின்றிருக்கிறது.

பதுளையில் அவளுக்கு எட்டு வயது. அம்மா பீலிக்குப் போனவள் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். தண்ணி நின்னுருச்சு, எனக்கு என்னமோ பயமா இருக்கு, எல்லாரும் வெளிய வாங்க என்று லயத்தில் மூன்று வீட்டுக் கதவைத் தட்டினாள். யாரும் வரவில்லை, கணக்குப்பிள்ளை சிரித்தார். மருதாயி பிள்ளைகள் இருவரையும் இழுத்துக்கொண்டு எதிர்மேட்டில் போய் நின்றாள். அரைமணி கழித்து மலை சரிந்து லயத்தின் பாதி இல்லை. அத்தை வீட்டோடு பதினாறு பேர். அன்று உயிர் தப்பியதைப் பற்றி மருதாயி பிற்பாடு ஒருநாளும் பெருமையாகப் பேசியது கிடையாது. நாலாவது வீட்டைத் தட்டாமல் வந்துட்டேனே என்பதைத்தான் சாகும்வரை சொன்னாள்.

சின்னம்மை ஓடிவந்து கம்பை இறக்கிக் கொக்கியில் மாட்டினாள். டிக்கெட் கையில் வைத்திருந்த கார்க்காரர் ஒருவர் ஹாரனை அழுத்தினார். அவள் அசையவில்லை. பின்னால் நின்றவர்களும் அழுத்தத் தொடங்கினார்கள். சத்தம் கேட்டு மனுவேல் குடையோடு இறங்கி வந்தார்.

"என்ன சின்னம்மை, கம்பு ஏன் எறங்கியிருக்கு? வரிசை பாலம் வரைக்கும் நிக்குதே."

"பீலித் தண்ணி நின்னு போச்சுங்க சார்."

"எது, குழாயா?"

"நேத்து எப்படிக் கொட்டுச்சுன்னு நீங்களே பாத்தீங்க. இப்ப ஒரு சொட்டு இல்ல. உள்ள மண்ணு அசைஞ்சு வழிய அடைச்சிருக்கு. தண்ணி உள்ளுக்குள்ளயே நிக்குது சார். அது தாங்காது. நான் சின்னதுல இதப் பாத்தவ."

மனுவேல் வரிசையைப் பார்த்தார், மேலே வெட்டைப் பார்த்தார். கரேலென்று ஈரமாக நின்றது மண். தடுப்புச் சுவரில் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

"இன்னிக்கு மலர்க்கண்காட்சி. இன்னிக்குப் போய் அடைச்சோம்னா திங்கக்கெழமை நம்ம யாருக்கும் இங்க வேலை இல்ல. பதினாலு ஊடு. நெனச்சுப் பாத்தியா?"

"நெனச்சேங்க சார். பதினாலுல எங்க ஊடும் ஒண்ணு."

"மண்ணு விழலைன்னா?"

"விழலைன்னா என்னைய வீட்டுக்கு அனுப்பிருங்க. கம்ப மட்டும் தூக்கச் சொல்லாதீங்க."

இப்படி அவள் பேசி அவர் கேட்டதில்லை. குடையை மடக்கிக் கூண்டில் சாத்தினார். "நான் மேல போயிப் பாத்துட்டு வந்தர்றேன். அதுவரைக்கும் எறங்கியே இருக்கட்டும். கேட்டா டிக்கெட் மிசினு ரிப்பேர்னு சொல்லு."

ஓரத்து ஒற்றையடிப் பாதையில் அவர் ஏறினார். ஐம்பத்தி மூன்று வயது, சர்க்கரை வியாதிக்காரர், ஈரமண்ணில் செருப்பு வழுக்க வழுக்கத்தான் ஏறினார். தேயிலைச் செடிகளுக்குள் அவர் தலை மறைந்ததும் சின்னம்மை நேரத்தை எண்ண ஆரம்பித்தாள். அவரை மேலே போகவிட்டது தப்போ என்று அப்போதுதான் உறைத்தது. சரிந்தால் முதலில் போவது அவர்தான். வீட்டில் அவர் மனைவி பிலோமி அக்கா இருக்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

கார்க்காரர்கள் இறங்கி வந்து சூழ்ந்துகொண்டார்கள். மிஷின் ரிப்பேர் என்றாள். மிஷின் எதற்கு, கையால்தானே டிக்கெட் கொடுத்தார்கள் என்றார் ஒருவர். இன்னொருவர் கொக்கியில் கை வைத்தார். சின்னம்மை கயிற்றைத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் அந்த ஆள் கையை எடுத்துவிட்டார். இந்தப் பெண் பிள்ளைக்குப் புத்தி சரியில்லை என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவள் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டின் உச்சியில் ஒரு சில்வர் ஓக் மரம் நின்றது. அது காலையில் நின்ற மாதிரி இப்போது நிற்கவில்லை என்று தோன்றியது. பயத்தில் அப்படித் தெரிகிறதோ என்றும் தோன்றியது.

இருபத்தைந்து நிமிஷம் கழித்து மனுவேல் வந்தார். முட்டி வரை சேறு. ஒரு செருப்பு இல்லை. வலது கையை அவளிடம் நீட்டிக் காட்டினார். முழங்கை வரை சிவப்பு மண் அப்பியிருந்தது.

"வெடிச்சிருக்கு. தோட்டத்துக்குக் குறுக்கால, இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும். கை முழுசும் உள்ள போகுது" என்றார். பிறகு வாக்கி டாக்கியை எடுத்து, மேல்முனையில் நின்ற ரவிச்சந்திரனைக் கூப்பிட்டார். "ரவி, ஊட்டியில இருந்து எறங்கற வண்டி ஒண்ணுகூட வரப்படாது. மறிச்சு நிறுத்து. ஏன்னு அப்புறஞ் சொல்றேன். நிறுத்து."

இறங்குகிற தடம் காலியாக ஆரம்பித்தது. மனுவேல் கூண்டருகே இருந்த வண்டிகளைப் பின்னால் நகர்த்தத் தொடங்கினார். "நீ இங்கியே நில்லு" என்றார் அவளிடம். சின்னம்மை இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அவர் கையில் கொடுத்துவிட்டு, விரைவுத் தடத்துக்குள் ஓடினாள்.

முதல் கார்க் கண்ணாடியைத் தட்டினாள். பாட்டுச் சத்தம். இன்னும் ஓங்கித் தட்டினாள். "மண்ணு சரியப் போகுதுங்க. எறங்கி அந்தப் பக்கம் தாண்டிக் கீழ போயிருங்க." இளவட்டங்கள், மேலே ஒரு தடவை பார்த்தார்கள், கட்டையைத் தாண்டி ஓடினார்கள். இரண்டாவது, மூன்றாவது. சிலர் உடனே இறங்கினார்கள். சிலர் யார் சொன்னது, போலீஸ் எங்கே என்றார்கள். ஆறாவது வண்டி ஒரு வேன். அதில் நடக்க முடியாத வயசாளிகள் நாலு பேர் இருந்தார்கள். டிரைவர் அவளைப் பார்த்து, "எப்படிம்மா எறக்கறது? முன்னால கார், பின்னால கார், பக்கத்துல கட்டை" என்றான்.

கட்டைக்கு அந்தப் பக்கம், பழைய ரோட்டில், ஒரு கொழுந்து லாரி நின்றது. அதன் டிரைவர் முத்துவேலை அவளுக்குத் தெரியும். தங்கவேலு வேலை செய்யும் பாக்டரிக்கு இலை ஏற்றுகிறவன். காலையிலிருந்து அதே இடத்தில் நின்று, சாக்குகளில் இலை சூடேறிச் சிவந்துகொண்டிருந்த எரிச்சலில் இருந்தான்.

"தம்பி, இந்தக் கட்டைய எப்படியாச்சும் எடுத்துரணும்" என்றாள்.

"என்னங்கக்கா ஆச்சு?"

அவள் மேலே கையைக் காட்டினாள். அந்த நேரம் பார்த்து வெட்டிலிருந்து தேங்காய் அளவுக் கல் ஒன்று உருண்டு வந்து தடுப்புச் சுவரில் பட்டுத் தெறித்தது. முத்துவேல் இருக்கைக்கு அடியிலிருந்து சங்கிலியை உருவினான். கட்டையின் தலையில் தூக்குவதற்கென்று விட்டிருந்த இரும்பு வளையத்தில் ஒரு முனையை மாட்டினான், மறுமுனையை லாரியில் மாட்டினான். பக்கத்தில் நின்ற இரண்டு கொழுந்து வண்டிக்காரர்களும் கடப்பாரையோடு வந்தார்கள். காலை முழுக்கக் காசு கொடுத்தவர்களைப் பார்த்து வைதுகொண்டிருந்தவர்கள்தான். லாரி உறுமியது. முதல் கட்டை தார் ரோட்டைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. பிறகு இரண்டாவது. மூன்றாவது கட்டையின் வளையம் பிய்ந்தது. கடப்பாரையைக் கொடுத்து ஐந்து பேர் நெம்பிப் புரட்டினார்கள்.

வேன் முதலில் வெளியே வந்து, காலியான தடத்தில் வளைந்து கீழே இறங்கியது. அதன் பின்னால் ஒவ்வொன்றாகக் கார்கள்; இறங்கி ஓடியவர்களும் வழி திறந்ததைப் பார்த்துத் திரும்பி வந்து வண்டியை எடுத்தார்கள். பழைய ரோட்டில் வெட்டுக்கு நேராக நின்ற பஸ்ஸையும் லாரிகளையும் முத்துவேல் கத்திக் கத்தித் திருப்பிவிட்டான். வேகமாக நடந்தது என்று கேட்கிறவர்களுக்குத் தோன்றும். சின்னம்மைக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு காரும் நகர ஒரு யுகம் ஆனது.

எட்டு வண்டிகள் போய்விட்டன. மூன்று மிச்சம். இரண்டில் ஆள் இல்லை. வண்டியைப் பூட்டிவிட்டு மேலே டீ குடிக்கப் போயிருந்தார்கள். மூன்றாவது ஒரு வெள்ளைக் கார். ஈரோட்டுக்காரர் ஒருவர், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். அவர் கண்ணாடியைப் பாதி இறக்கினார்.

"இந்த வழியில போனா சீக்கிரம்னு பணங் கட்டி வந்திருக்கேன். இப்ப எறங்குன்னா? எஞ்சின் வேற ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது. மெக்கானிக்கை வரச் சொல்லு."

"வண்டி கெடக்கட்டுங்க. புள்ளைங்களோட எறங்குங்க."

"வண்டிக்கு எதாச்சும் ஆச்சுன்னா நீ தருவியா?"

சின்னம்மை அவரோடு பேசுவதை விட்டுவிட்டுச் சுற்றிப் போய் மறுபக்கக் கண்ணாடியைத் தட்டினாள். உள்ளே இருந்த பெண் இவளைப் பார்த்தாள். ஏற்கெனவே பயந்திருந்த முகம். "அம்மா, நான் இத ஒரு தரம் பாத்தவ. பொய் சொல்லல" என்றாள் சின்னம்மை. அந்தப் பெண் புருஷனைப் பார்க்கவில்லை, கதவைத் திறந்தாள். சின்னவளைச் சின்னம்மை இடுப்பில் வைத்துக்கொண்டாள். பெரியவளைத் தாய் இழுத்துக்கொண்டாள். நாலு பேரும் கட்டை விலகிய இடைவெளியில் வெளியேறி ஓடினார்கள். பின்னால் அந்த மனிதர் மறுபடி சாவியைத் திருப்பும் சத்தம் கேட்டது. அப்புறம் கதவு சாத்தும் சத்தம். அவரும் ஓடிவந்தார்.

கூண்டருகே வந்து திரும்பிப் பார்த்தபோது உச்சியில் சில்வர் ஓக் நகர்ந்துகொண்டிருந்தது. சாயவில்லை. நின்றபடியே, தன்னைச் சுற்றி நாலைந்து தேயிலைச் செடிகளையும் கூட்டிக்கொண்டு முன்னால் வந்தது. தடுப்புச் சுவர் நடுவில் வயிறு மாதிரி உப்பியது. பிறகு மலையே வாய் திறந்தாற்போல் ஒரு சத்தம், ஈரமண் வாடை, தரை அதிர்வு. கண்ணை மூடித் திறப்பதற்குள் பழைய ரோடும் விரைவுத் தடமும் இல்லை. மூன்று கார்கள் நின்ற இடத்தில் வீட்டுயரத்துக்கு மண் கிடந்தது. அதன் உச்சியில் மரம் நேராக நின்றது. மணி மூன்றரை ஆகியிருந்தது.

மனுவேல் ஆட்களை எண்ணினார். திரும்ப எண்ணினார். மேல்முனையில் ரவியிடமும் கேட்டார். டீக்கடைக்குப் போன இருவரும் அங்கே பத்திரமாக இருந்தார்கள். ஓர் உயிரும் போகவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் சின்னம்மை இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கிவிட்டாள். கை மடங்கியபடியே நின்றுவிட்டது. அந்தப் பெண்தான் பிடித்து நீவிவிட்டாள்.

முத்துவேலின் இலை முழுக்கக் கருகிவிட்டது. "இருக்கற விலைக்கு அது நல்லா இருந்தா மட்டும் என்னங்கக்கா" என்று சொல்லிவிட்டுச் சங்கிலியைச் சுருட்டினான்.

இதோடு முடிந்திருந்தால் நல்லதாகப் போயிருக்கும். பத்து நாளில் விசாரணை வைத்தார்கள். கம்பெனித் தரப்பு ஒரு பேச்சைக் கிளப்பியது: லாரியால் கட்டைகளை இழுத்த அதிர்வில்தான் மண் சரிந்தது, அனுமதியில்லாமல் தடத்தை மூடியதும் உடைத்ததும் ஊழியர்களின் குற்றம். வெள்ளைக் கார்க்காரரும் புகார் கொடுத்தார்: ஒரு கூலிக்காரப் பெண் மிரட்டி இறக்கியிராவிட்டால் எப்படியும் காரை எடுத்திருப்பேன் என்று. குன்னூரில் ஓர் அலுவலக மாடியில், யார் உத்தரவில் இது நடந்தது என்று அதிகாரி கேட்டார். சின்னம்மை வாயைத் திறப்பதற்குள் மனுவேல் எழுந்தார்.

"நான்தானுங்க சொன்னேன். கம்ப எறக்கச் சொன்னது, கட்டைய எடுக்கச் சொன்னது எல்லாம் நான்."

மறுநாள் பத்திரிகையில் மனுவேலின் பெயர் வந்தது. சமயோசிதமாக நாற்பது உயிரைக் காத்த சூப்பர்வைசர் என்று போட்டிருந்தார்கள். அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"பேருக்காகச் சொல்லல சின்னம்மை. உம் மேல எழுதுனாங்கன்னா கார்க் காசையும் உந் தலையில கட்டிருவாங்க. எனக்கு என்ன, புள்ளைக ரெண்டும் வேலையில இருக்கு."

"தெரியுதுங்க சார்" என்றாள். அவர் போனதும் தங்கவேலு, "நல்ல மனுசன். விட்டுரு" என்றான். விட்டுவிடத்தான் பார்த்தாள். இரண்டு வாரம் சரியாகச் சோறு இறங்கவில்லை. தனக்குப் பெயர் வராதது அவளை உறுத்தவில்லை. அவர் மேலே ஏறிப் போன இருபத்தைந்து நிமிஷத்தை அவள் மறக்கவில்லை; அந்த மனிதர் சாவுக்குப் பக்கத்தில் போய் வந்தது தன் பேச்சைக் கேட்டு. இப்போது வேலையும் தன்னால் போகப் போகிறது. அதோடு, கூலிக்காரி தானாக ஒன்றும் செய்திருக்க மாட்டாள் என்று அந்த அறையில் எல்லாரும் அவ்வளவு சுலபமாக நம்பியதும் உறுத்தியது.

இரண்டாம் விசாரணைக்குத் தங்கவேலுவைக் கூட்டிக்கொண்டு போனாள். அதிகாரி பழைய வாக்குமூலத்தைப் படித்து முடித்ததும் எழுந்து நின்றாள்.

"அது அப்படி இல்லீங்க. சார் வர்றதுக்கு முன்னாடியே கம்ப நான் எறக்கிட்டேன். அவரு தூக்கச் சொல்லியிருந்தாலும் தூக்கியிருக்க மாட்டேன். கட்டைய எடுக்கச் சொன்னதும் நான்தான். எதாச்சும் எழுதறதா இருந்தா எம் பேர்ல எழுதுங்க."

மனுவேல் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு யாரு அதிகாரங் குடுத்தது?"

"யாரும் குடுக்கலீங்க."

அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து வெள்ளைக் கார்க்காரரின் மனைவி எழுந்தாள். அவள் பெயர் ஜானகி என்று அன்றுதான் சின்னம்மைக்குத் தெரிந்தது. புருஷன் சேலையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார். அவள் விடுவித்துக்கொண்டாள். "வண்டி ஸ்டார்ட்டே ஆகலைங்க. அரைமணி நேரமா ஆகலை. இவங்க வந்து கதவைத் தட்டலைன்னா நாங்க நாலு பேரும் உள்ளதான் இருந்திருப்போம். இதையும் எழுதிக்குங்க" என்றாள்.

எழுதிக்கொண்டார்கள். அறிக்கை வர ஒரு வருஷம் ஆயிற்று. அதற்குள் கம்பெனி சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. விரைவுத் தடத்தை யாரும் மறுபடி திறக்கவில்லை. பதினாலு பேருக்கும் வேலை போனது. மனுவேல் நாடுகாணிப் பக்கம் ஒரு மிளகுத் தோட்டத்துக்கு மேற்பார்வைக்குப் போனார். சின்னம்மையை வாழ்த்தியவர்களும் உண்டு, நல்லா இருந்த பொழைப்பைக் கெடுத்தாள் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. இரண்டாமவர்களோடு அவள் சண்டைக்குப் போகவில்லை. அவர்கள் வீட்டு அடுப்பும் அவளுக்குத் தெரியும். தேயிலை எழவில்லை. மலையிலிருந்து நிறையப் பேர் இறங்கிப் போன அந்த 2001 ஆகஸ்டில் அவளும் தங்கவேலும் திருப்பூருக்கு இறங்கினார்கள்.

பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் மேசையில் அவள் உட்கார்ந்திருந்த ஒரு மதியம், தபாலில் ஒரு கவர் வந்தது. மனுவேல் அனுப்பியிருந்தார். உள்ளே அறிக்கையின் ஒரு பக்கம், நகல். மழைநீர் வடியாமல் மலைக்குள் இறங்கியதும் சரிவை வெட்டிய விதமுமே காரணம் என்றது. கீழே ஒரு வரிக்கு அவர் பென்சிலால் கோடு போட்டிருந்தார். கட்டணத் தடம், பிற்பகல் இரண்டு பத்துக்கு, பணியாளர் சின்னம்மை என்பவரால் சொந்தப் பொறுப்பில் மூடப்பட்டது.

ஐந்தாவது வரை படித்தவள் அவள். எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தாள். மேசையைச் சுற்றி வந்த சூப்பர்வைசர், என்ன காகிதம் என்று கேட்டார்.

"பழைய வேலையோட சர்டிபிகேட்டுங்க" என்றாள்.

அவர் வாங்கி மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, ஆபீசில் கொடுத்துவை என்று திருப்பிக் கொடுத்தார். அவள் கொடுக்கவில்லை. நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கத்தரியை எடுத்தாள்.